தலையில் ஒட்டிய பஞ்சு

போன வாரம் நம் லைன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஓடு பாதி போய், சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்கிற நம் மில் லைன் வீடுகள். எடுத்தது யாரோ வெளியூர்ப் பையன். பழைய மில் குடியிருப்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறானாம். பாதுகாக்க வேண்டிய சின்னம் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நீங்கள் ஆளாளுக்குக் கண்ணீர் விட்டிருந்தீர்கள். ஒருவர் பொற்காலம் என்றார். இன்னொருவர் கதவைப் பூட்டாமல் தூங்கிய காலம் என்றார். கதவில் தாழ்ப்பாளே கிடையாது என்பதை அவர் எப்படி மறந்தாரோ தெரியவில்லை.

நானும் அங்கேதான் பிறந்தேன். உங்களில் பாதிப் பேரோடு குழாயடியில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். எண்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இப்போது சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். பொங்கல் இருக்கிறது, மில் கேட்டில் போட்ட பொம்மலாட்டம் இருக்கிறது, புதுக்கோட்டைக்கு லாரியில் போய்ப் பார்த்த சினிமா இருக்கிறது. ஸ்டிரைக் நடந்த வருஷத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அத்தனை பேருக்குமா மறதி? எனக்கு அது ஆத்திரமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

லைன் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செம்புராங்கல் சுவர், சீமை ஓடு, ஒரே அறை, மூலையில் அடுப்பு. ஒரு வரிசையில் எத்தனையோ வீடுகள், எல்லாம் ஒட்டிக்கொண்டு. இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சுவர் ஓடுவரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கல்லை மிச்சம் பிடித்திருந்தார்கள். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல். அங்கே புருஷன் முனகினால் இங்கே பெண்டாட்டிக்குக் கேட்கும். வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரை வீடு, வேலை போனால் வீடும் போகும். இது சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து சில வருஷம் ஆன சமயம். சர்க்கார் மாறினாலும் அந்த விதி மாறவில்லை.

அப்புறம் அடி. லைனில் அடி இல்லாத நாள் ஏது? மில்லில் மெஷினை ஓட்டுகிற தோல் பெல்ட் தேய்ந்து அறுந்தால் அதைத் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவருவார்கள். கதவுக்குக் கீல் அதுதான், செருப்புக்கு வார் அதுதான், சவரக்கத்தி தீட்டுவதும் அதில்தான். பிள்ளையையும் பெண்டாட்டியையும் அடிப்பதும் அதில்தான். எங்கள் வீட்டுத் துண்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும், நுனியில் மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் தோலை உரிக்கும். செருப்புக் கடையில் தோல் வாசனை வந்தால் இன்றைக்கும் என் முதுகு தானாக நெளிகிறது.

மில்லுக்குள் மேஸ்திரி நம் அப்பாமார்களை அடிப்பார். பஞ்சு சுற்றிக்கொண்டு மெஷின் நின்றால் கன்னத்தில் ஒன்று விழும். அதை ஒருவரும் வீட்டில் சொல்ல மாட்டார்கள். வாசலில் செருப்பை உதறுகிற விதத்திலேயே பெண்களுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு உள்ளே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று. அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதினால்தான் அடி நிற்கும். தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அரை நாள் போய்விடும். ஓங்கிய கையை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். நம் ஆத்தாமார்கள் சாமியைக் கும்பிட்டதைவிட அந்தச் சங்கை நம்பியதுதான் அதிகம்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு கல்லெறிச் சண்டை. நம் ஊரில் சரளைக் கல்லுக்கா பஞ்சம். கணக்கர் மகனுக்கு ஒரு கண் போயிற்று. யார் எறிந்த கல் என்று கடைசிவரை வெளியில் வரவில்லை. குழுவில் இருக்கிற சிலருக்கு அது நன்றாக நினைவிருக்கும், அதையும் யாரும் எழுதக் காணோம்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. அப்பாவும் அவரும் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரே ஊர். மழை பொய்த்த ஒரு வருஷம் சேர்ந்து கிளம்பி நடந்து வந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மில்லில் கார்டிங் பிரிவில், அதாவது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற இடத்தில், இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். சித்தப்பாவின் மனைவி மணமேல்குடிப் பக்கத்துக்காரி, அவளை நான் சின்னாத்தா என்பேன்.

சித்தப்பா ஒன்றும் உத்தமர் இல்லை. குழாயடியில் ஒருத்தன் மண்டையைப் பித்தளைக் குடத்தால் பிளந்தவர். சின்னாத்தாவையும் ஒருமுறை அடித்தார். எங்கள் ஆத்தா இந்தப் பக்கம் உரல்மேல் ஏறி நின்று, உலக்கையைச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டி, இன்னொரு சத்தம் கேட்டால் இது அங்கே வந்து விழும் என்றாள். அதோடு அவர் விட்டுவிட்டார். எங்கள் அப்பா ஆத்தாவை அடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா இருமுவார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். அந்த இருமலைக் கேட்டால் அப்பாவின் கை தணிந்துவிடும்.

சின்னாத்தாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. பிறந்து பிறந்து போயிற்று. ஸ்டிரைக் வந்த அந்தக் கோடையில் அவள் மறுபடி நிறைமாதமாக இருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊர்ப்புறத்தில் பிரசவத்துக்குப் பழைய சேலையை விரிப்பார்கள். நம் லைனில் பஞ்சு. மில்லில் கழித்துப் போட்ட பஞ்சைத் தலையணையில் அடைத்து எல்லா வீட்டிலும் வைத்திருந்தோம். வலி எடுத்ததும் அந்தத் தலையணையைக் கிழித்து, பஞ்சை வெயிலில் கொட்டி, குச்சியால் அடித்துப் பொசுபொசுவென்று ஆக்கி, கனமாகப் பரப்பி மேலே துணி போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு எரித்துவிடுவார்கள். அடிப்பது வீட்டு ஆம்பிளையின் வேலை. முன்கூட்டியே அடித்து வைத்தால் பிள்ளை தங்காது என்று ஒரு பயம், அதனால் வலி வந்த பிறகுதான் குச்சியைக் கையில் எடுப்பார்கள். இது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. லைனிலேயே முளைத்த வழக்கம். நீங்களும் நானும் அந்தப் பஞ்சில்தான் வந்து விழுந்தோம்.

ஸ்டிரைக் எதற்கு வந்தது? ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்த மெஷினோடு இன்னும் சேர்த்துப் பார் என்றது கம்பெனி, முடியாது என்றார்கள் நம் ஆட்கள். மற்றதெல்லாம் கூட்டத்தில் பேசிய பேச்சு. கம்பெனி வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்கிக் கொஞ்சம் மெஷினை ஓட்டியது. நம் லைனிலிருந்தும் சிலர், அடுப்பு எரியாத கொடுமையில், பின்கேட் வழியாக நுழைந்தார்கள். அப்படி நுழைந்தவனுக்குக் கருங்காலி என்று பெயர். அவனைப் பிடிக்கத்தான் அப்பாவும் மற்றவர்களும் கருவேலங்காட்டில் காவல் இருந்தார்கள். விடிந்தால் போய்விடுவார்கள், சாப்பாடு அங்கேயே.

கருங்காலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்கேட்டு, பின்கேட்டு, வேலி என்று எத்தனை வழியைப் பார்ப்பது? தலையைப் பார்த்தார்கள். மில் ஓடுகிற நாளில் நம் அப்பாமார்களின் தலை எப்படி இருக்கும்? முடியில், புருவத்தில், காது மயிரில் எல்லாம் பஞ்சு. ஸ்டிரைக் நாட்கள் போகப் போக எல்லார் தலையும் கறுத்துவிட்டது. பெண்டாட்டிமார்கள்கூட ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அந்த நாட்களில் ஒருத்தன் தலையில் பஞ்சு இருந்தால் அவன் உள்ளே போய் மெஷின் ஓட்டிவிட்டு வருகிறான். வேறு சாட்சி தேவையில்லை என்று சங்கத்தில் பேசி வைத்திருந்தார்கள். இன்னொன்றும் சொல்லிக்கொண்டார்கள். கருங்காலிகள் வெளியே வரும்போது கூடவே ஒரு பெண்ணையோ பிள்ளையையோ அழைத்துக்கொண்டு வருகிறார்களாம், கல் விழாமல் இருக்க.

அன்றைக்கு உச்சி வெயிலில் சின்னாத்தாவுக்கு வலி எடுத்தது. அப்பா காலையிலேயே காட்டுக்குப் போய்விட்டார், அவருக்குத் தெரியாது. ஆத்தா சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினாள். சித்தப்பா தலையணையைக் கிழித்து முற்றத்தில் கொட்டி அடிக்க ஆரம்பித்தார். அவர் வாயெல்லாம் பல்லாக இருந்தது. இந்தத் தடவை தங்கும் என்று குச்சியை ஓங்கும்போதெல்லாம் சொன்னார். பஞ்சு எழும்பி என் மேலும் விழுந்தது. பாதி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆத்தா உள்ளேயிருந்து, தலை தெரிகிறது, மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வா என்று கத்தினாள். குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். ஆம்பிளை போய் நின்றால் மருத்துவச்சி ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று ஆத்தா என்னையும் கூட அனுப்பினாள்.

மருத்துவச்சி வீடு மில்லுக்குப் பின்னால் இருந்த ஊரில். குறுக்கு வழி, மில் மதிலை ஒட்டிய வண்டித்தடம். அது பின்கேட்டைத் தாண்டித்தான் போகும். சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்கேட்டைத் தாண்டின நேரம், உள்ளே ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது.

கருவேலங்காட்டிலிருந்து அவர்கள் எழுந்து வந்தார்கள். எல்லாரும் நமக்குத் தெரிந்த முகங்கள்தான். நடுவில் அப்பா. சித்தப்பா அவரைப் பார்த்ததும் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். சேதியைச் சொல்ல வாயைத் திறந்தார், முதல் அடியே வாயில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ரத்தம்தான். கருவேலங்கட்டையால் முழங்காலில் போட்டார்கள், விழுந்தார். விழுந்தவரைக் காலால் உதைத்தார்கள். எலும்பில் கட்டை படுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். காய்ந்த விறகை உடைக்கிற மாதிரியே இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். என் கை சித்தப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"எம் புள்ளைய மறைப்புக்குக் கூட்டிக்கிட்டு வர்றியாடா?"

நான் கத்தினேன். தலகாணிப் பஞ்சுப்பா, சின்னாத்தாவுக்கு வலிப்பா என்று கத்தினேன். எத்தனை பேர் கத்திக்கொண்டிருந்தார்கள் அங்கே. அப்பா என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். வேலி முள்ளில் போய் விழுந்தேன். இன்றைக்கும் அந்தக் காதில் போனை வைத்தால் ஒன்றும் கேட்காது. முள்ளுக்குள் கிடந்தபடிதான் மீதியைப் பார்த்தேன். அப்பா மதிலோரத்தில் கிடந்த செம்புராங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் வலது மணிக்கட்டைக் காலால் மிதித்து நிறுத்தினார்.

"இந்தக் கைதானடா வேலை பாத்துச்சு."

கல்லைப் போட்டார். எடுத்து மறுபடியும் போட்டார்.

கம்பெனி வாட்ச்மேன்கள் விசில் ஊதிக்கொண்டு வந்ததும் எல்லாரும் காட்டுக்குள் மறைந்தார்கள். அப்பாவும் போனார், என்னைத் தூக்கிவிடக்கூட நிற்கவில்லை. வாட்ச்மேன்கள் சித்தப்பாவைக் கம்பெனி லாரியில் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் எழுந்து மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினேன். போன காரியம் அதுதானே. காதில் என்னடி ரத்தம் என்று அவள் கேட்டாள். வலி எடுத்துவிட்டது வாங்க என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நாங்கள் போவதற்குள் பெண்குழந்தை பிறந்திருந்தது. ஆத்தா ஒருத்தியாகவே பார்த்திருந்தாள். பாதி அடித்த பஞ்சில், கட்டியும் கட்டியுமாக இருந்த அந்தப் படுக்கையில் குழந்தை கிடந்தது. நல்ல கனம், நல்ல குரல். சின்னாத்தா முதலில் கேட்டது, அவரு எங்க என்றுதான்.

பொழுது சாய அப்பா வந்தார். ஆத்தா அவரைப் பக்கத்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கிழிந்த தலையணை உறையையும் குச்சியையும் சிதறிக் கிடந்த பஞ்சையும் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு, தலையில் பஞ்சு இருந்தது, கம்பெனி லாரியில் ஏறிப் போனான், இதற்குமேல் என்ன வேண்டும் என்றார். தெரிந்துகொண்டே சொன்னார். அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. அடித்தது அறியாமல் செய்தது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அறிந்தே செய்தது.

அவர் மட்டுமா? சங்கத்துத் தலைவருக்கும் விஷயம் போயிற்று. இப்போது தப்பு என்று ஒப்புக்கொண்டால் ஸ்டிரைக் உடைந்துவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்றாராம். நல்ல மனிதர், படித்தவர், லைனுக்காக ஜெயிலுக்குப் போனவர். அவருக்கும் ஒரு மனிதனின் கை, கொஞ்ச நாள் போகட்டும் என்கிற விஷயமாகத்தான் இருந்தது. லைன் முழுக்கச் சேர்ந்து சித்தப்பா கருங்காலிதான் என்று முடிவு செய்துவிட்டது. அவரைக் கருங்காலி ஆக்கினால்தானே நம் அப்பாமார்கள் மனிதர்களாக இருக்க முடியும்?

பச்சை உடம்புக்காரி குடத்தோடு குழாயடிக்குப் போனாள். பெண்கள் குடத்தைத் தள்ளிவிட்டார்கள். நெருப்பு கேட்டாள், கொடுக்கவில்லை. யார் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்கள் ஆத்தாமார்கள்தான். எங்கள் ஆத்தா மட்டும் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பட்டப்பகலில் அந்த வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு அப்பா ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தார். ஆத்தா கத்தவே இல்லை, அதனால் அடி நீண்டுகொண்டே போயிற்று. ஸ்டிரைக் ஆகையால் சங்கு ஊதினாலும் அவர் ஓட வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமலும் வரவில்லை, குழந்தைதான் அழுதது. மறுநாள் ஆத்தா சேலை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, மறுபடியும் குடத்தை எடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவில்லை.

ஸ்டிரைக் தோற்றது. வேறு எப்படிச் சொல்வது? கூடுதல் மெஷினைப் பார்க்கச் சம்மதித்துத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். சிலருக்கு வேலை இல்லை என்றார்கள், அப்பாவுக்கு இருந்தது.

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். முழங்கால் மடங்கவில்லை. வலது கை கோணலாகக் கூடியிருந்தது, விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றன. அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியாது, பஞ்சைச் சீவுவது எங்கே. குழந்தையை இடது கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். லைன்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் போவார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என் காதைப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்பார்.

பிறகு மானேஜர் ஆள் அனுப்பினார். சேதி எளிது. உன்னை அடித்தவன் யார் என்று போலீஸில் பெயரைச் சொல். கேட்டில் வாட்ச்மேன் வேலை, வீடும் உனக்கே. சொல்லாவிட்டால் கை போனவனுக்கு மில்லில் என்ன வேலை, வீட்டைக் காலி செய். கம்பெனிக்கு வேண்டியது சங்கத்து ஆள் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புவது. அதற்குச் சித்தப்பாவின் வாய் தேவைப்பட்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் பேசியது சுவருக்கு மேலாக எங்கள் வீட்டில் விழுந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிருங்க," என்றாள் சின்னாத்தா. "இந்த ஒரு புள்ளதான் தங்கிருக்கு. இத எங்கிட்டு கொண்டுபோயி போடுவேன்? இத்தன நாளா வந்து ஒரு வார்த்த கேட்டுருப்பாரா அந்த மனுசன்?"

மில்காரர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள், மெஷின் இரைச்சலில் பழகிய தொண்டை. சித்தப்பா அன்றைக்கு மெதுவாகப் பேசினார். நான் நல்ல காதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அன்னைக்கு பஞ்சப் பாத்துட்டு அடிச்சானுங்க. அது தெரியாம அடிச்சது. நாளைக்கு நான் அவன் பேரச் சொன்னேன்னு வையி, அப்பத்தான் நான் நெசமாவே கருங்காலி."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஆத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து அந்தப் பக்கம் போவார் என்று நான் நினைத்தேன். அவர் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலை மானேஜரே வந்தார். கூட வாட்ச்மேன்கள், தோளில் ஓர் ஏணி. காலி செய்யாத வீட்டை வைத்துக் கம்பெனி கோர்ட்டுக்கெல்லாம் போகாது. ஓட்டைப் பிரித்துவிடும். வெயிலிலும் மழையிலும் எத்தனை நாள் இருப்பார்கள்? சித்தப்பாவைக் கட்டிலோடு முற்றத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். லைன் மொத்தமும் அவரவர் வாசலில் நின்றது. அப்பா எங்கள் வாசலில், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மானேஜர் கேட்டார். ஓடும்போது கால் தடுக்கிக் கல்லில் விழுந்துவிட்டேன் என்றார் சித்தப்பா. நன்றாக யோசித்துச் சொல் என்றார் மானேஜர். அதையே சொன்னார்.

ஆத்தா முற்றத்தில் இறங்கி நடந்தாள்.

"விழுகலீங்க. எம் புருசந்தான் கல்லத் தூக்கி அவுக கையில போட்டாரு. எம் மக பாத்தா. அவுகளுக்கு வீட்டக் குடுங்க, எங்க வீட்ட எடுத்துக்கங்க."

அப்பா பிடித்த கதவுநிலையை விடவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மானேஜர் சித்தப்பாவைப் பார்த்து, இந்தம்மா சொல்வது நிஜமா என்றார்.

"புருசன் பொண்டாட்டி சண்டைங்க," என்றார் சித்தப்பா. ஆத்தாவை அவர் பார்க்கவில்லை. "அடி வாங்குன ஆத்திரத்துல சொல்லுது. அவன் அன்னைக்கு அங்கிட்டே வரலைங்க."

அந்த வார்த்தையைத்தான் லைன் பிடித்துக்கொண்டது. புருஷன் அடித்ததற்குப் பழிவாங்கக் கட்டியவனையே காட்டிக்கொடுக்கப் பார்த்தவள் என்று கடைசிவரை ஆத்தாவைச் சொன்னார்கள். அவள் பிறந்த வீட்டிலும் சொன்னார்கள். போன வருஷம்கூடக் குழுவில் ஒருவர், யார் பெயரும் போடாமல், அந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அம்மா இருந்தாள் என்று எழுதியிருந்தார். அது என் ஆத்தாதான் ஐயா. அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரிலும் நடந்ததை நடந்தபடி சொன்னவள் அவள் ஒருத்திதான். வீட்டை விட்டுவிடவும் தயாராக வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மில்லில், அதே வீட்டில் இருந்து ரிட்டையர் ஆனார், மாலை போட்டார்கள்.

மானேஜர் ஏமாளி இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே அப்பாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஏணி தூக்கி வந்த வாட்ச்மேனைத் தள்ளி நிற்கச் சொன்னார். நீ அடிக்கவில்லை என்றுதானே இவன் சொல்கிறான், அப்படியானால் உனக்கென்ன கூச்சம், நீயே ஏறி ஓட்டைப் பிரி என்றார். மாட்டேன் என்றால் உன் வீட்டு ஓட்டையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லிவிடுவேன் என்றார்.

அப்பா லைனைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

முதல் ஓட்டை உருவினார். உள்ளே, குழந்தை பிறந்த அந்த மூலையில் வெயில் விழுந்தது. சின்னாத்தா பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், அழவில்லை. தூசி கொட்டியதால் ஆத்தா குழந்தையை வாங்கிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அப்பா ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கீழே நின்ற வாட்ச்மேனிடம் கொடுத்தார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஓடு போன இடத்தில் சட்டங்கள் மட்டும் விலா எலும்பாகத் தெரிந்தன. அப்பா அதன்மேல் கால் வைத்து நகர்ந்தார்.

கட்டிலில் கிடந்த சித்தப்பா அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாகிப்போன கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே, மில்காரர் தொண்டையில், லைன் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"பங்காளி, அந்த மூலச் சட்டம் உளுத்துக் கெடக்கு. பாத்துக் கால வையி."

அப்பாவின் கால் அந்தரத்தில் நின்றது. அந்தச் சட்டத்தில் வைக்கப்போன காலை எடுத்து, தள்ளி அடுத்த சட்டத்தில் வைத்தார். பிறகு குனிந்து அடுத்த ஓட்டை உருவினார்.